மீன்தொட்டிக்கும் ஒரு கலங்கல்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்)

நம் பக்கத்தில் ஏரி இல்லாத ஊர் அரிது. ஏரிக்கரையில் நின்று பார்த்தவர் அதில் மூன்று உறுப்புகளைக் கண்டிருப்பர். நீர் வந்து சேரும் வரத்துக்கால் ஒன்று. வயலுக்கு நீர் விடும் மதகு ஒன்று. மிகுந்த நீர் தானாக வழிந்து வெளியேறும் கலங்கல் ஒன்று. இம்மூன்றில் எது இல்லாவிட்டால் ஏரிக்கு அழிவு மிக விரைவில் வரும் என்று கேட்டால், கலங்கல் என்றே விடை சொல்ல வேண்டும். வரத்து குறைந்தால் ஓராண்டு விளைச்சல் போகும். மதகு பழுதானால் சில காணி காயும். கலங்கல் இல்லையென்றால் ஒரே இரவு மழையில் கரையே போய்விடும். நீர் வரும் வழியை எண்ணுவதற்கு முன்பே, மிஞ்சிய நீர் போகும் வழியை எண்ணியவர்கள் நம் முன்னோர்.

கண்ணாடித் தொட்டியில் கடல்நீரை நிரப்பி, கடல்மீன் வளர்ப்பதைப் பற்றிய கட்டுரையில் ஏரிக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். கடல்நீர்த் தொட்டியும் ஓர் ஏரியே என்பதுதான் நான் சொல்ல வந்த செய்தி. வேறுபாடு ஒன்றுதான். ஏரியின் கலங்கலில் வழிந்த நீர் அடுத்த ஏரிக்குப் போய்விடும். மீண்டும் மேலே வாராது. தொட்டியிலோ, கீழே இறங்கிய நீர் அத்தனையும் மறுபடி மேலே ஏறியாக வேண்டும். தறியில் நாடா வலப்பக்கம் போனால் இடப்பக்கம் திரும்பியாக வேண்டும் அன்றோ? அதுபோலத்தான் இதுவும். திருப்பருத்திக்குன்றத்தில் நெசவாளர் வீட்டில் பிறந்து, எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய எனக்கு இந்த உவமை எளிதில் கைக்கு வந்தது. இனி நீர் இறங்கும் வகையையும் ஏறும் வகையையும் காண்போம்.

கரையில் பிறந்த கலை

கடல் உயிர்களைக் கண்ணாடிக்குள் வைத்து மக்களுக்குக் காட்டும் முதற் காட்சிசாலை 1853இல் இலண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் திறக்கப்பட்டது. அக்காலத்தில் பெரும்பாலான தொட்டிகளில் நீர் தேங்கியே நின்றது. சில நாளில் கலங்கும்; உயிர்கள் மாளும். இக்குறையைத் தீர்க்கப் பாடுபட்டவர்களுள் முதன்மையானவர் வில்லியம் ஆல்ஃபோர்ட் லாயிட் என்பவர். இலண்டன் கிரிஸ்டல் பேலஸில் 1871இல் திறக்கப்பட்ட மீன்காட்சிசாலையில், தொட்டிகளுக்குக் கீழே வெளிச்சம் படாத பெரிய நீர்த்தேக்கம் ஒன்றை அவர் அமைத்தார். காட்சித் தொட்டிகளின் கொள்ளளவைப் போலப் பல மடங்கு நீர் அதில் இருந்தது. நீராவிப் பம்பு இரவும் பகலும் நீரை மேலேற்ற, அது தொட்டிகளின் வழியாக மீண்டும் கீழே இறங்கியது. இன்று வீட்டுத் தொட்டிக்கு அடியில் வைக்கப்படும் கீழ்த்தொட்டிக்கு அந்தத் தேக்கமே முன்னோடி எனலாம்.

நம் மாநிலமும் இத்துறையில் பின்தங்கியதன்று. இந்தியாவின் முதல் மீன்காட்சிசாலை சென்னை மெரினா கடற்கரையில் 1909இல் திறக்கப்பட்டது. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் அதற்கு முயன்றவர். பின்னர் அது மீன்வளத் துறையின் பொறுப்புக்கு மாறியது. இரண்டாம் உலகப் போரின்போது, ஜப்பானியர் குண்டு வீசுவர் என்ற அச்சத்தால் 1942இல் மூடப்பட்டது. விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டில் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்துக்கு, 1971இல் தலைமையகம் கொச்சிக்கு மாறும் வரை, இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபமே தலைமை இடமாக இருந்தது. அங்குள்ள அதன் நிலையத்தில்தான் 2010இல் கோபியா என்னும் பெரிய கடல்மீனைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து குஞ்சு எடுத்தனர்.

மெரினாவும் மண்டபமும் கடலை ஒட்டியவை. நம் காஞ்சியோ கடலுக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கிறது. நீர் கெட்டுவிட்டது என்று கண்டால் புதுக் கடல்நீரை மொண்டு ஊற்ற இங்கே வழியில்லை. சுத்திகரித்த நீரில் கடலுப்புக் கலவையைக் கரைத்து நாமே கடல்நீரை ஆக்க வேண்டும். ஆக்கியதைக் காப்பாற்றவும் வேண்டும். ஆதலால் கடலுக்குத் தொலைவில் உள்ளவர்க்கு நீர்ச்சுழற்சி இன்னும் இன்றியமையாதது.

நீர் ஏன் ஓட வேண்டும்?

முதற் காரணம் மூச்சு. 30 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். கடல்நீரில் ஏறத்தாழ 6 மில்லிகிராமே கரையும். நம் சித்திரை வெயிலில் இது மேலும் குறையும். காற்றும் நீரும் சந்திக்கும் மேற்பரப்பு ஓயாமல் புரண்டால்தான் போன ஆக்சிஜன் திரும்பி வரும்.

இரண்டாம் காரணம் கழிவு. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது, அது நஞ்சு. ஒருவகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், வேறு சில நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட்டின் கேடு அவ்விரண்டையும் விட மிகக் குறைவு. இந்த நுண்ணுயிர்கள் கல்லிலும் மணலிலும் கீழ்த்தொட்டியில் நாம் வைக்கும் நுண்துளைப் பொருள்களிலும் குடியிருப்பவை. உணவாகிய அம்மோனியாவையும் மூச்சாகிய ஆக்சிஜனையும் அவற்றின் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஓடும் நீர்தான். நீர் நின்றால் முதலில் பசிப்பது மீனுக்கு அன்று. கண்ணுக்குத் தெரியாத இந்தத் தோட்டிகளுக்கே!

எடுத்துக்காட்டாக ஒரு தொட்டி

கணக்குப் போட அளவு வேண்டும். மேல்தொட்டி 120 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரம் என்று கொள்வோம். இதில் ஒரு செ.மீ. உயர நீர் என்பது 6 லிட்டர். இந்த 6 என்ற எண்ணை நண்பர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னர்ப் பயன்படும். நீர் 45 செ.மீ. உயரம் நின்றால் 270 லிட்டர்.

அடியில் நிற்கும் கீழ்த்தொட்டி 90 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம். இதில் ஒரு செ.மீ. உயர நீர் 3.6 லிட்டர். கீழ்த்தொட்டி குறுக்குக் கண்ணாடிகளால் அறைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். இறங்கி வரும் நீர் முதல் அறையில் விழுந்து, வடிகட்டும் அறைகளைக் கடந்து, கடைசி அறையில் உள்ள பம்பை அடையும். பம்பு அதை மேலே அனுப்பும்.

மணிக்கு எவ்வளவு நீர் சுற்ற வேண்டும்? தொட்டியின் கொள்ளளவைப் போல ஐந்து முதல் பத்து மடங்கு என்பது நெடுநாளைய வழக்கு; இப்போது அதற்கும் குறைவாகச் சுற்றினால் போதும் என்பாரும் உளர். நாம் மணிக்கு 2000 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். இது ஏழு மடங்குக்குச் சற்று மேல். பவளத்திட்டில் அலை புரளும் வேகத்தை இந்த ஓட்டத்தைக் கொண்டே தொட்டிக்குள் உண்டாக்க எண்ணுவது வீண்செலவு. மேலேற்றாமல், இருக்கும் இடத்திலேயே நீரைத் தள்ளும் சிறு பம்புகளைத் தொட்டியின் பக்கக் கண்ணாடிகளில் பொருத்தி, மாறி மாறி ஓடவிடுவதே அதற்கு ஏற்ற வழி. உயரத்துக்கு எதிராக உழைக்காததால் அவை சிறிதளவு மின்சாரத்தில் பெருமளவு நீரைப் புரட்டும். மூலைகளில் குப்பை தங்காமல் பார்ப்பதும் அவற்றின் வேலையே.

கலங்கலின் கணக்கு

மேல்தொட்டியின் ஒரு பக்கத்தில், நீர்மட்டத்தை ஒட்டிய விளிம்புடைய ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கும். விளிம்பைத் தாண்டிய நீர் பெட்டிக்குள் விழுந்து, குழாய் வழியே கீழிறங்கும். இந்த விளிம்புதான் தொட்டியின் கலங்கல். மேற்பரப்பில் படியும் எண்ணெய்ப் பசை, மிதக்கும் தூசி எல்லாம் இதன் வழியாகவே முதலில் போய்விடும்.

விளிம்பின் மேல் நீர் எவ்வளவு உயரம் நின்று வழியும்? இதற்குப் பொறியியலார் கையாளும் பிரான்சிஸ் சூத்திரம் எளியது. விளிம்பின் நீளத்தையும், அதன் மேல் நிற்கும் நீரின் உயரத்தை ஒன்றரை அடுக்குக்கு உயர்த்திய எண்ணையும் பெருக்கி, 1.84 ஆல் மீண்டும் பெருக்கினால், நொடிக்கு எத்தனை கனமீட்டர் நீர் வழியும் என்பது கிடைக்கும். நீளமும் உயரமும் மீட்டரில் இருக்க வேண்டும்.

மணிக்கு 2000 லிட்டர் நீர் 30 செ.மீ. நீள விளிம்பில் வழிந்தால், விளிம்புக்கு மேல் ஏறத்தாழ 1 செ.மீ. நிற்கும். அதே நீர் 10 செ.மீ. விளிம்பில் வழிந்தால் ஏறத்தாழ 2 செ.மீ. நிற்கும். விளிம்பு மூன்றில் ஒரு பங்காகக் குறைய, உயரம் இரு மடங்காகிறது. மீன் புகாமல் இருக்கப் பற்களை வைத்தால் திறந்த நீளம் குறைந்து உயரம் இன்னும் கூடும். ஏரிகளின் கலங்கலை ஏன் அத்தனை நீளமாகக் கட்டினார்கள் என்பது இப்போது விளங்குகிறதன்றோ? நீளமான கலங்கலில், வெள்ளம் பெருகினாலும் நீர்மட்டம் அதிகம் உயராது. கரைக்குத் தீங்கு வாராது. நம் எடுத்துக்காட்டில் விளிம்பை 44 செ.மீ. உயரத்தில் 30 செ.மீ. நீளத்துக்கு வைத்துவிட்டால், பம்பு ஓடும்போது நீர் 45 செ.மீ. நிற்கும்.

இறங்கு குழாய்

வழிந்த நீரைக் கீழே கொண்டுபோகும் குழாயில் இரண்டு நிலைகள் உண்டு. குழாய் முழுவதும் நீராகவே நிறைந்து இறங்குவது ஒரு நிலை. காற்றும் நீரும் கலந்து இறங்குவது மற்றொன்று. முதல் நிலையில் ஓசை இராது; ஓட்டமும் மிகுதி. ஏறத்தாழ ஒரு மீட்டர் கீழிறங்கும் 25 மி.மீ. உள்விட்டக் குழாயில் நீர் நிறைந்து இறங்கினால், இரண்டு வளைவுகள் இருந்தாலும் மணிக்கு 3000 லிட்டருக்கு மேல் போகும். இரண்டாம் நிலையில் குழாய் களகளவென்று ஓயாமல் பேசும். போகும் நீரும் மிகவும் குறையும்.

நிறைந்து ஓடும் குழாயே போதும் என்று விட்டுவிடலாகாது. அதில் ஒரு நத்தை நுழைந்தாலும், பாசி சிக்கினாலும் ஓட்டம் தடைப்படும். எனவே அறிந்தோர் மூன்று குழாய்களை வைப்பர். முதற் குழாயில் வால்வு ஒன்று பொருத்தி, அது நீர் நிறைந்தே ஓடுமாறு திருகி வைப்பர். அதில் போகாத சிறிதளவு நீர் சற்று உயரமான இரண்டாம் குழாயில் மெல்ல வழியும். மூன்றாம் குழாய் அதனினும் உயரமானது. நாள்தோறும் வறண்டே இருக்கும். முதலிரண்டும் அடைத்துக்கொண்ட நாளில் மட்டும் அதில் நீர் இறங்கும். அதன் அடிமுனையை நீருக்கு மேலே நிறுத்தினால், நீர் விழும் ஓசையே நமக்கு எச்சரிக்கை மணியாகும். ஆண்டு முழுதும் வேலையின்றி நிற்கும் அந்தக் குழாய்க்குச் செலவு எதற்கு என்று கேட்பவர், கோடையில் காய்ந்து கிடக்கும் கலங்கலையும் அப்படிக் கேட்பார்களா?

ஏறு குழாயும் பம்பும்

பம்பின் அட்டைப்பெட்டியில் இரண்டு எண்கள் அச்சிட்டிருக்கும். மணிக்கு 3000 லிட்டர் என்பது ஒன்று. உயரம் 3 மீட்டர் என்பது மற்றொன்று. 3 மீட்டர் உயரத்துக்கு 3000 லிட்டர் ஏற்றும் என்று பலர் இதற்குப் பொருள் கொள்கின்றனர். அது பிழை. உயரமே இல்லாமல் ஓடினால் 3000 லிட்டர். 3 மீட்டர் உயரத்தில் ஒரு சொட்டும் வாராது, நீர் அங்கே நிற்கும், அவ்வளவே. இவ்விரு முனைகளுக்கும் இடையில்தான் நம் தொட்டி நிற்கிறது.

கீழ்த்தொட்டி நீர்மட்டத்துக்கும் மேல்தொட்டி நீர்மட்டத்துக்கும் இடையே 1 மீட்டர் உயரம் என்று கொள்வோம். பம்பு இதை மட்டும் வென்றால் போதாது. குழாயின் உராய்வையும், ஒவ்வொரு வளைவிலும் உண்டாகும் இழப்பையும் வெல்ல வேண்டும். 2 மீட்டர் நீளம், நான்கு எல்போ வளைவுகள், மணிக்கு 2000 லிட்டர் ஓட்டம் என்று கொண்டு நான் போட்ட கணக்கு இது. உள்விட்டம் 20 மி.மீ. என்றால் இழப்பு ஏறத்தாழ 1.15 மீட்டர், 25 மி.மீ. என்றால் ஏறத்தாழ 0.45 மீட்டர், 32 மி.மீ. என்றால் ஏறத்தாழ 0.16 மீட்டர். 20 மி.மீ. குழாயைப் போட்டவர் தம்மை அறியாமலே தொட்டியை இன்னொரு மீட்டருக்கு மேல் உயர்த்தி வைத்துவிட்டார் என்பதே இதன் பொருள்!

இங்கே இயற்பியல் மாணவர்க்கு ஒரு சொல். நாம் ஆய்வகத்தில் செய்த புவசேய் சோதனையில் ஓட்டம் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்று படித்தோம். அது நீர் அடுக்கடுக்காக அமைதியாய் ஓடும் நுண்குழாய்க்கு உரியது. மேற்கண்ட 20 மி.மீ. குழாயில் ரெனால்ட்ஸ் எண் ஏறத்தாழ 40,000, ஓட்டம் கொந்தளிப்பானது. அங்கே டார்சி - வெய்ஸ்பாக் சமன்பாடே பொருந்தும். உராய்வுக் கெழு பெரிதும் மாறாதபோது, ஒரே அளவு நீருக்கு உராய்வு இழப்பு விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். 20 மி.மீ. விட்டத்தை 25 ஆக்கினால் குழாயின் உராய்வு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிறது. சில ரூபாய் கூடுதலாகக் கொடுத்துப் பெரிய குழாய் வாங்குவது, நாள்தோறும் 24 மணி நேரமும் ஓடும் பம்பின் மின்கட்டணத்தில் திரும்பி வந்துவிடும்.

25 மி.மீ. குழாயில் மொத்த உயரம் 1.45 மீட்டர் ஆகிறது. மேற்சொன்ன பம்பின் இரு எண்களையும் ஒரு நேர்கோட்டால் இணைத்துப் பார்த்தால், அந்த உயரத்தில் மணிக்கு 1550 லிட்டர் கிடைக்கும். உண்மையான வளைகோடு பம்புக்குப் பம்பு மாறும். எனவே கடையில் பம்பின் விலையைக் கேட்குமுன் அதன் வரைபடத்தைக் கேட்பது நல்லது.

கடையில் 25 மி.மீ. பி.வி.சி. குழாய் என்று கேட்டால் தருவது வெளிவிட்டம் 25 மி.மீ. உள்ள குழாய். உள்ளே ஏறத்தாழ 20 மி.மீ.தான் இருக்கும். கணக்கில் வருவது உள்விட்டமே. இந்த வேறுபாட்டை அறியாவிட்டால் மேற்கண்ட கணக்கெல்லாம் பயனற்றுப் போகும்.

மின்சாரம் நின்றால்

இனித்தான் கட்டுரையின் உயிர்ப்பகுதி. இதுவரை பம்பு ஓடும்போது நடப்பதைப் பார்த்தோம். பம்பு நின்றால் என்ன ஆகும்?

என் அண்ணன் தறியை விட்டுச் சென்னைக்குப் போய், வீடுகளிலும் மருத்துவமனைகளிலும் மீன்தொட்டி அமைக்கும் வேலை செய்கிறார். மேலே நான் எடுத்துக்கொண்ட அளவுகள் அவர் ஒரு வீட்டில் அமைத்த தொட்டியின் அளவுகளே. ஒருநாள் இரவு அந்தப் பகுதியில் மின்சாரம் நின்றது. விடிந்து பார்த்தால் கீழ்த்தொட்டி நிரம்பிக் கூடம் முழுதும் உப்புநீர். மரத்தளம் ஊறிப் பாழாயிற்று. வேலைக்கு அமர்த்தியவர் அண்ணனின் பத்து நாள் கூலியைப் பிடித்துக்கொண்டார். ஊருக்கு வந்த அண்ணன் என்னிடம் கேட்ட கேள்வி இது: “மோட்டார் ஓடினாத்தானேடா தண்ணி மேல போவும்? நின்னா அப்படியே நிக்கணும். அது எப்படிக் கீழ வந்துச்சு? நீ பிசிக்ஸ் படிக்கிறியே, சொல்லு.”

தேர்வில் கேட்கப்படும் கேள்விகளைப் போன்றதன்று இது. பத்து நாள் கூலி இதில் இருந்தது. அவர் வரைந்து காட்டிய படத்தில் விடையும் இருந்தது. ஏறு குழாயின் வாய் மேல்தொட்டியில் விளிம்புக்கு 10 செ.மீ. கீழே, நீருக்குள் மூழ்கி இருந்தது. பம்பு ஓடும் வரை அந்தக் குழாய் நீரை மேலே கொண்டுவரும். நின்ற நொடியில் அதே குழாய் சைஃபனாக மாறி, நீரைப் பின்னோக்கி இறக்கத் தொடங்கும். பம்பு ஒன்றும் கதவன்று; நின்ற பம்பின் உள்ளே நீர் தாராளமாகப் பின்னோடும். குழாயின் வாய் காற்றைக் காணும் வரை இது நிற்காது.

கணக்கைப் பாருங்கள். விளிம்புக்கு மேல் நின்ற 1 செ.மீ. நீர் முதலில் வழியும். அது 6 லிட்டர். சைஃபன் இழுப்பது 10 செ.மீ. நீர், அது 60 லிட்டர். குழாய்களிலும் கலங்கல் பெட்டியிலும் இருந்து வருவது சுமார் 6 லிட்டர். ஆக 72 லிட்டர். கீழ்த்தொட்டியில் 28 செ.மீ. வரை நீர் இருந்தது. மீதி இடம் 12 செ.மீ. அதாவது 43 லிட்டர். மிஞ்சிய 29 லிட்டரும், ஏறத்தாழ இரண்டு குடம் நீர், தரைக்கு வந்தது. தொட்டியில் ஓட்டையும் இல்லை; ஒட்டுவேலையில் குறையும் இல்லை. கையால் செய்த வேலை அத்தனையும் சரி. தொட்டியை வரைந்து கொடுத்த இடத்தில் இந்தக் கழித்தல் கணக்கைப் போடவில்லை.

இதற்கு மாற்று எளிது. குழாயின் வாயை விளிம்புக்கு 2 செ.மீ. கீழே உயர்த்தினால் சைஃபன் இழுப்பது 12 லிட்டர். மொத்தம் 24 லிட்டர். கீழ்த்தொட்டி அதை எளிதில் ஏற்றுக்கொள்ளும். வாய் ஆழத்தில்தான் இருக்க வேண்டும் என்றால், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே அந்தக் குழாயில் ஒரு சிறு துளை இட வேண்டும். நீர்மட்டம் துளைக்குக் கீழே இறங்கியதும் காற்று புகுந்து சைஃபன் அறுபடும். துளையில் பாசியும் சுண்ணமும் படிந்து அடைக்குமாதலால் வாரந்தோறும் குச்சியால் குத்தி விட வேண்டும். பின்னோட்டத்தைத் தடுக்கும் வால்வுகளும் உண்டு. ஆனால் ஒரு மணல் துகளோ சிறு சிப்பியோ இடையில் மாட்டினால் அந்த வால்வு மூடாது. துணைக்கு வைக்கலாம், அதையே நம்பலாகாது.

எல்லாவற்றிலும் சிறந்தது ஒரு கோடு. பின்னோடும் நீர் எவ்வளவு என்று கணக்கிட்டு, அதற்கு இடம்விட்டு, கீழ்த்தொட்டியின் வெளிக்கண்ணாடியில் ஒரு கோடு போட்டுவிட வேண்டும். நம் எடுத்துக்காட்டில், குழாய்வாய் 2 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 33 செ.மீ.க்கு மேல் நீர் நிற்கலாகாது. கொஞ்சம் தாராளமாக 30 செ.மீ.யில் கோடு. இப்போது அண்ணன் எந்த வீட்டில் தொட்டி வைத்தாலும், “இந்தக் கோட்டுக்கு மேல தண்ணி ஊத்தாதீங்கம்மா” என்று வீட்டாரிடம் சொல்லிவிட்டே வருகிறார்.

வழி அடைத்தால்

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. பம்பு ஓடிக்கொண்டே இருக்க, இறங்கு குழாய்கள் எல்லாம் அடைத்துக்கொண்டால்? கீழே உள்ள நீர் மேலேறி, மேல்தொட்டி பொங்கி வழியும். இதற்கும் ஒரு கழித்தல் கணக்கே காவல். மேல்தொட்டியில் நீர்மட்டத்துக்கு மேல் 5 செ.மீ. இடம் இருக்கிறது, அது 30 லிட்டர். பம்பு நிற்கும் கடைசி அறை 25 செ.மீ.க்கு 40 செ.மீ. என்றும், பம்பின் வாய்க்கு மேல் 20 செ.மீ. நீர் என்றும் கொண்டால், பம்பு உறிஞ்சக்கூடியது 20 லிட்டர். குறுக்குக் கண்ணாடிகள் மற்ற அறைகளின் நீரைத் தடுத்து நிறுத்திவிடும். ஆகவே மேல்தொட்டி வழியுமுன் பம்பின் அறை வற்றிவிடும். ஒரு பம்பு காய்ந்து கெடலாம், வீடு நனையாது, மீனும் தரையில் விழாது.

பொருளும் பேணுதலும்

கடல்நீர் இரும்பை அரிக்கும். செம்பும் பித்தளையும் அரிப்பதோடு நில்லாமல் நஞ்சாகக் கரையும். இறால், பவளம், கடல் சாமந்தி முதலியவை சிறிதளவு செம்பையும் தாங்கமாட்டா. ஆகவே நீர் படும் இடமெல்லாம் பிளாஸ்டிக்கும் கண்ணாடியுமே இருக்க வேண்டும். பம்பின் அருகிலும் வால்வின் அருகிலும் கழற்றி மாட்டும் யூனியன் இணைப்புகளை வைத்தால், சுத்தம் செய்யக் குழாயை அறுக்க வேண்டியதில்லை.

நீர் ஆவியாகும்; உப்பு ஆவியாகாது. ஒரு லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள நீரில் பத்தில் ஒரு பங்கு ஆவியானால், எஞ்சிய நீரில் உப்பு ஏறத்தாழ 39 கிராமாக ஏறிவிடும். ஆகையால் குறைந்த அளவுக்கு நல்ல நீரையே சேர்க்க வேண்டும், உப்புநீரை அன்று. இக்குறைவு பம்பின் அறையில்தான் முதலில் தெரியும் என்பதால் அந்த அறையை நாள்தோறும் பார்க்க வேண்டும்.

உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளுக்கு உரியவை. அவற்றில் ஏரி வாரியம் என்று ஒரு குழு கூறப்படுகிறது. ஆண்டுதோறும் குடவோலையால் உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஏரியை வெட்டியதோடு வேலை முடிந்ததாக அவர்கள் எண்ணவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? தொட்டிக்கும் ஒரு வாரியம் வேண்டும். அது நாமேதான்.

மற்றொன்று. பவளமும் கடற்குதிரையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளவை. மன்னார் வளைகுடாவின் பவளத்திட்டிலிருந்து ஒரு கல்லைப் பெயர்த்து வருவதும் குற்றம். தொட்டியிலேயே முட்டையிட்டுப் பொரித்த கோமாளி மீன்கள் கிடைக்கின்றன. அவற்றை வாங்கி வளர்ப்பதே முறை. கடலைப் பாழாக்கி வீட்டில் ஒரு கடலை வைத்துக்கொள்வது அறமாகாது.

முடிவாக

நம் விலங்கியல் ஆய்வகத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டி அமைய வேண்டும் என்பது என் அவா. விலங்கியல் மாணவர் உயிர்களைப் பார்த்துக்கொள்ளட்டும்; வேதியியல் மாணவர் அம்மோனியாவையும் உப்பையும் அளக்கட்டும்; குழாயும் பம்பும் எங்கள் பங்கு. மேற்கண்ட கணக்குகளை ஆசிரியப் பெருமக்கள் சரிபார்த்துத் திருத்தினால் அதுவே எனக்குப் பரிசு.

அத்தொட்டி அமையும் நாளில் மீனை உடனே விடவேண்டாம். வெறும் குழாய்நீரை நிரப்பிப் பம்பை ஓட்டுவோம். பிறகு சுவிட்சை நாமே அணைப்போம். நீர் கீழிறங்கி நிற்கும் இடத்தைக் கண்ணாடியில் குறிப்போம். மீண்டும் போடுவோம்; மீண்டும் அணைப்போம். முதல் இரண்டு இறங்கு குழாய்களையும் கையால் அடைத்து, மூன்றாவது தன் வேலையைச் செய்கிறதா என்று பார்ப்போம். மூன்றையும் அடைத்து, பம்பின் அறை வற்றும்போது மேலே விளிம்பு தாங்குகிறதா என்றும் பார்ப்போம். பத்து முறை செய்தும் தரை நனையவில்லை என்றால் உப்பைக் கரைப்போம். அந்த நீர் பழகி, அம்மோனியாவும் நைட்ரைட்டும் அற்ற பின்னரே மீனைக் கொண்டு வருவோம்.